நெட் இருக்கும் வீடு, வருமானம் எழுதாத தாள்

வாசகர் கேள்வி – பதில்

(வீட்டு இணைய வசதி, வருமானம், கணக்கெடுப்பு பற்றி வந்த கடிதங்களில் சில இந்த இதழில். பதில் எழுதுபவர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புள்ளியியல் கள ஆய்வாளராக வீடு வீடாகப் போய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ஆன்லைன் படிப்பு ஒன்றில் அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவைக் கொடுத்து, வீட்டு வருமானத்துக்கும் இணைய வசதிக்கும் என்ன தொடர்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரே அட்டவணையில் இரண்டும் இருந்தன, சுலபமாக முடிந்தது. அதையே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குச் செய்யலாம் என்று 2011 சென்சஸை எடுத்தால் வருமானம் என்ற பத்தியே இல்லை. நான் தேடுகிற இடம் தப்பா?
– பி.எஸ்ஸி. மாணவர், ஓசூர்

பதில்: நம் சென்சஸில் வருமானம் கேட்பதே கிடையாது தம்பி. எவ்வளவு தேடினாலும் அங்கே கிடைக்காது.

நீங்கள் பயன்படுத்திய அமெரிக்கத் தரவும் அவர்களுடைய பத்தாண்டு சென்சஸ் இல்லை. அமெரிக்க சமுதாய ஆய்வு என்று ஒன்று 2005 முதல் நாடு முழுக்க ஆண்டுதோறும் நடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் படிவம் போகும். 2008-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, 2013-ல் கணினியும் இணையமும் அந்தப் படிவத்தில் சேர்ந்தன. அதே படிவத்தில், 15 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் கடந்த 12 மாதத்தில் சம்பளம் எவ்வளவு, வட்டி, வாடகை, ஓய்வூதியம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஒரே வீடு, ஒரே தாள் என்பதால்தான், பி 28004 என்ற அட்டவணையில் 10,000 டாலருக்குக் கீழ் தொடங்கி 75,000-க்கு மேல் வரை ஒவ்வொரு வருமானப் பிரிவிலும் எத்தனை வீட்டில் இணைப்பு உண்டு என்று போட முடிகிறது. நம்மிடம் இந்த இரண்டையும் வெவ்வேறு தாள்களில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வீடுகளில் கேட்டிருக்கிறார்கள்.

2011 சென்சஸில் இணையம் எப்படிக் கேட்கப்பட்டது என்பதையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அந்த சென்சஸின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியலை 2010-ல் எடுத்தார்கள். கணினி அல்லது மடிக்கணினி உண்டா என்பதற்கு மூன்றே விடைகள்: இணையத்தோடு உண்டு, இணையம் இல்லாமல் உண்டு, இல்லை. கைப்பேசியில் நெட் பார்க்கிற வீட்டை எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. அப்போது இந்தியா முழுக்க 3.1 சதவீத வீடுகளில் இணையத்தோடு கணினி இருந்தது, 6.3 சதவீத வீடுகளில் இணையம் இல்லாத கணினி. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை தேசிய மாதிரி ஆய்வு தொலைத்தொடர்பு பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. அதில் வீட்டு வளாகத்துக்குள் இணைய வசதி உள்ள வீடுகள் 86.3 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து '3-லிருந்து 86-க்கு உயர்ந்தது' என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்ட கேள்வி வேறு. அந்தக் கோட்டை வரையக் கூடாது. 2027 சென்சஸின் வீட்டுப் பட்டியலில் இணையம் தனிக் கேள்வியாக வருகிறது, கணினி வேறு கேள்வி. மாவட்டம், கிராமம் அளவில் நமக்கு உருப்படியான இணையக் கணக்கு அதில்தான் முதன்முதலாகக் கிடைக்கப் போகிறது.

வருமானத்துக்கு வருவோம். 2011-ன் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானம் 5,000-க்குக் கீழா, 5,000 முதல் 10,000 வரையா, அதற்கு மேலா? கிராமப்புற வீடுகளில் 74.5 சதவீதம் முதல் பிரிவில் விழுந்தன. நாலில் மூன்று வீடு ஒரே பிரிவில் கிடந்தால் அதை வைத்து வீட்டுக்கு வீடு என்ன வித்தியாசம் பார்ப்பது? உங்கள் வேலைக்கு உதவாது. மாவட்டத் தனிநபர் வருமானம் என்றும் ஓர் எண் கிடைக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். மாவட்டத்தில் உற்பத்தியானதன் மதிப்பை மக்கள்தொகையால் வகுத்த எண் அது. ஓசூர் தொழிற்பேட்டை ஆலைகளின் உற்பத்தி முழுக்க அதில் சேரும். தளியிலோ அஞ்செட்டியிலோ ஒரு வீட்டுக்குள் மாதம் எவ்வளவு பணம் வருகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனக்குத் தெரிந்து உங்களுக்குப் பயன்படக்கூடியது வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வுதான். 2023-24 ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைக்கு மாதச் செலவு 5,701 ரூபாய், நகரங்களில் 8,165 ரூபாய். மொபைல் கட்டணம், இணையச் செலவு எல்லாம் அந்தப் பட்டியலில் தனி வரிகள். பெயர், முகவரி நீக்கிய தனித்தனி வீட்டுப் பதிவுகளைப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் 'எடை' என்று ஓர் எண் இருக்கும். அந்த ஒரு வீடு எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்பது அது. எடை போடாமல் சதவீதம் எடுத்தால் மாதிரியில் விழுந்த வீடுகளின் கணக்குதான் வரும், தமிழ்நாட்டின் கணக்கு வராது. அந்த ஆய்வில் கிருஷ்ணகிரியில் விழுந்த வீடுகள் குறைவு. அதனால் மாவட்டத்தை மட்டும் தனியாகப் பிரிக்காமல் தமிழ்நாடு கிராமம், தமிழ்நாடு நகரம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சதவீதத்தை எந்தப் பக்கமாக எடுப்பது என்பதில் மாணவர்கள் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஓர் ஊரில் 200 வீடு என்று வைத்துக்கொள்வோம். வருமானம் குறைந்தவை 40, அதில் 20 வீட்டில் நெட் இல்லை. மற்ற 160-ல் 40 வீட்டில் இல்லை. 'நெட் இல்லாத 60 வீட்டில் 40 வீடு ஏழை வீடு கிடையாது, அதனால் பணம் காரணமில்லை' என்று ஒருவர் சொல்லலாம். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் ஏழை வீடுகளில் பாதிக்கு நெட் இல்லை, மற்றவற்றில் கால்வாசிக்குத்தான் இல்லை. வருமானத்தின் பாதிப்பு தெரிய வேண்டுமானால் வருமானப் பிரிவுக்குள் சதவீதம் எடுக்க வேண்டும். நீங்கள் முடித்துவிட்ட அந்த அமெரிக்கக் கணக்கையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு சரிபாருங்கள்.

கேள்வி: தேசியக் குடும்ப நல ஆய்வில் வருமானம் இல்லாததால் அதில் உள்ள செல்வக் குறியீட்டை எடுத்துக்கொண்டேன். செல்வக் குறியீடு உயர உயர இணையம், கணினி உள்ள வீடுகளும் கூடுகின்றன. தொடர்பு மிக வலுவாக இருக்கிறது. ஆய்வேட்டில் இதையே முடிவாக எழுதலாமா?
– எம்.ஏ. மாணவி, காரிமங்கலம்

பதில்: எழுத வேண்டாம் அம்மா. வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது, தரை, கூரை, கழிப்பறை, குடிநீர் எப்படி என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் குறியீட்டைக் கட்டுகிறார்கள். கைப்பேசியும் கணினியும் அந்தப் பொருள்களில் அடக்கம். கணினி இருப்பதால் ஒரு வீடு மேல் பிரிவுக்குப் போகிறது. அப்புறம் நீங்கள் வந்து, மேல் பிரிவில் கணினி அதிகம் என்று கண்டுபிடிக்கிறீர்கள். உள்ளே போட்டதையே வெளியே எடுத்திருக்கிறீர்கள்.

வழி இருக்கிறது. தொலைபேசி, கணினி, இணையம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீதிப் பொருள்களை வைத்து நீங்களே ஒரு குறியீடு கட்டுங்கள். தொடர்பு கொஞ்சம் இறங்கும். இறங்கி வருகிற அந்த எண்ணை நம்பி எழுதலாம். எந்தெந்தப் பொருளை நீக்கினீர்கள் என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதிவிடுங்கள், தேர்வாளர் கேட்பதற்கு முன்பே.

கேள்வி: எனக்கு இரண்டரை ஏக்கர். தக்காளி, கொஞ்சம் ராகி, இரண்டு மாடு. கணக்கெடுக்க வருகிறவர்கள் மாத வருமானம் எவ்வளவு என்கிறார்கள். தெரியாது என்றால் மறைப்பதாக நினைக்கிறார்கள். உண்மையாகவே எனக்குத் தெரியாதுங்க. என்ன சொல்லட்டும்?
– விவசாயி, பாலக்கோடு பக்கம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். மாதச் சம்பளக்காரருக்காக உருவான கேள்வியை உங்களிடம் வந்து கேட்கிறார்கள். பாலக்கோடு மண்டியில் ஒரு பெட்டி தக்காளி நல்ல விலைக்குப் போகிற மாதமும் உண்டு, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விடுகிற மாதமும் உண்டு. நடுவில் ஒரு மாதத்தைச் சொல்லச் சொன்னால் யாரால் சொல்ல முடியும்? நான் போன வீடுகளில் மண்டியில் கைக்கு வந்த மொத்தப் பணத்தைச் சொன்னவர்கள் உண்டு, விதை, மருந்து, கூலி கழித்துச் சொன்னவர்களும் உண்டு. கடன் வாங்கிய பணத்தை வரவில் சேர்த்தவர்கள் உண்டு. பால் காசு பெரும்பாலும் வீட்டுக்காரம்மா கையில் இருக்கும், ஆண்கள் சொல்லும் கணக்கில் அது வருவதே இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்புவதும் அப்படித்தான். அதனால் நான் எப்போதும் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துத்தான் கேட்பேன். பாதி வரவு அந்த அம்மா வாயிலிருந்துதான் வெளியே வரும்.

இந்தச் சிக்கல் தெரிந்துதான் நம் நாட்டில் வெகு காலமாகச் செலவைக் கேட்டு வருகிறார்கள். வரவு ஏறி இறங்கினாலும் வீட்டுச் செலவு அந்த அளவுக்கு ஆடாது. காய்கறி, முட்டை போன்றவற்றுக்குப் போன 7 நாள் செலவு, அரிசி பருப்புக்கு 30 நாள், துணிமணி, படிப்பு, வீட்டுச் சாமான் போன்றவற்றுக்கு ஓராண்டு என்று நினைவு நிற்கும் அளவுக்குத் தக்கபடி பிரித்துக் கேட்பார்கள். 2022-23 முதல் ஒரே வீட்டுக்கு மூன்று மாதம் போய் மூன்று தவணையாகக் கேட்கிறார்கள். ஒரே மூச்சில் கேட்டால் கடைசி ஒரு மணி நேரத்துப் பதில்கள் சலிப்பில் வருபவை. அது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

விவசாயக் குடும்பங்களிடம் வருமானத்தையே நேராக அளந்த ஆய்வும் உண்டு. 2019-ல் ஒரே வீட்டுக்கு இருமுறை போய், பயிர் வாரியாக வரவும் செலவும் எழுதினார்கள். 2018-19 வேளாண் ஆண்டில் இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று வந்தது. அதில் பயிரிலிருந்து 3,798, கூலி மற்றும் சம்பளத்திலிருந்து 4,063, கால்நடையிலிருந்து 1,582. விவசாயக் குடும்பம் என்று பெயர்; பயிரைவிடக் கூலிதான் அதிகம் கொண்டுவந்திருக்கிறது. 'விவசாயம்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறவர் இதைத் தவறவிடுவார்.

அடுத்த முறை யாராவது கேட்டால், 'மாதக் கணக்கு என்னிடம் இல்லை, பயிர்க் கணக்கு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள். என்ன பயிர், எத்தனை பெட்டி, என்ன விலைக்குப் போனது, என்ன செலவு. நல்ல ஆய்வாளர் உட்கார்ந்து எழுதுவார்.

கேள்வி: எங்கள் பள்ளி மலைக் கிராமத்தில் இருக்கிறது. 86 சதவீத வீடுகளில் நெட் இருக்கிறது என்று செய்தியில் படித்துவிட்டு, வீட்டுப்பாடத்தை போனில் அனுப்பலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். என் வகுப்பில் பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அப்பா வேலைக்குக் கிளம்பினால் அதுவும் கிளம்பிவிடும். அந்த எண் பொய்யா?
– ஆசிரியை, அஞ்செட்டி பக்கம்

பதில்: பொய் இல்லை டீச்சர். அந்த ஆய்வு வீட்டை ஓர் அலகாக வைத்து, அங்கே இணைய வசதி உண்டா என்று கேட்டது. உண்டு என்று 86.3 சதவீத வீடுகளில் பதில் வந்தது. உங்கள் கேள்வியே வேறு: பாடம் படிக்கிற நேரத்தில், படிக்கிற பிள்ளையின் கையில், சிக்னலும் டேட்டாவும் உள்ள போன் இருக்கிறதா? இதை அந்த ஆய்வில் தேடினால் கிடைக்காது.

இதைக் கேட்ட ஆய்வு வேறொன்று உண்டு. கொரோனா காலத்தில், 2021-ல் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசர் ஆய்வு கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டது. 67.6 சதவீதப் பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அப்படி இருந்த வீடுகளிலும் 26.1 சதவீதப் பிள்ளைகளுக்கு அது கைக்கே வரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். 2019-21 குடும்ப நல ஆய்வில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். இவர்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள்தான். வீட்டுக்கு ஒரு டிக் போடும்போது அந்த அம்மாவும் அந்தப் பெண் பிள்ளையும் காணாமல் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் மனம் ஆறுவதே இல்லை. வீட்டு எண்ணை அச்சிடுகிற இடத்திலெல்லாம் ஆள் எண்ணையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

வருமானம் இங்கேதான் உள்ளே வருகிறது. வசதியான வீட்டில் ஆளுக்கொரு போன், சுவரில் வைஃபை பெட்டி. அன்றாடக் கூலி வீட்டில் ஒரு போன், வேலிடிட்டி தீர்ந்தால் அடுத்த கூலி வரும் வரை ரீசார்ஜ் கிடையாது. இரண்டுக்கும் தாளில் 'உண்டு' என்ற ஒரே பதில்தான். அமெரிக்க ஆய்விலும் போனில் வாங்கும் டேட்டாவை பிராட்பேண்ட் இணைப்பில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அங்கே வகை வகையாகப் பிரித்துக் கேட்பதால், போன் டேட்டா மட்டும் உள்ள வீடுகளைத் தனியே எடுத்துப் பார்க்கலாம். நம் தாளிலும் அப்படிப் பிரிவு வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணையக் கேபிள் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறதே என்பார்கள். ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வருவதும், மேட்டுத் தெரு வீட்டில் பிள்ளை பாடம் பார்ப்பதும் வேறு வேறு.

நீங்களே உங்கள் வகுப்புக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். 'ஸ்மார்ட்போன் இருக்கா' என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் இருக்கு என்றுதான் சொல்லும், இல்லை என்று சொல்லக் கூச்சப்படும். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு போன் எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, கடைசியாக எப்போது ரீசார்ஜ் செய்தார்கள், பேச வெளியே எங்கே போய் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த நோட்டை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் வைத்துப் பேசினால் 86-க்கு யாரும் தலையாட்ட மாட்டார்கள்.

கேள்வி: சென்சஸில் நெட் இருக்கு, வண்டி இருக்கு என்று சொன்னால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?
– இல்லத்தரசி, போச்சம்பள்ளி

பதில்: இல்லை அம்மா. 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, நீங்கள் சொன்ன தகவலை வேறு யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூட வைக்க முடியாது. உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று வைத்த தகுதிகளில் இணையம் கிடையாது. கேட்பதை உள்ளபடி சொல்லுங்கள், பதில் சொல்வது சட்டப்படி கடமையும்கூட. ஏ.டி.எம். ரகசிய எண், வங்கிக் கணக்கு எண் என்று யாராவது கேட்டால் அவர் கணக்கெடுப்பாளர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பஞ்சாயத்தில் சொல்லுங்கள்.

உங்கள் தெருவில் நிறையப் பேர் பயந்து 'இல்லை' என்று சொன்னால், அந்த ஊருக்கு வசதி தேவையா இல்லையா என்ற கணக்கே கோணிப்போகும். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் சேர்ந்து எங்கள் ஊரில் 40 வீட்டில் இணையம், வருமானம் பற்றி ஆய்வு செய்யப் போகிறோம். 40 போதுமா? வருமானத்தை எப்படிக் கேட்பது?
– இளைஞர் மன்றம், பென்னாகரம் வட்டம்

பதில்: 150, 200 வீடு உள்ள ஊர் என்றால் மாதிரி எடுக்காமல் எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள் தம்பிகளா. பெரிய ஊரில் 40 வீடு எடுத்து 60 சதவீதம் என்று வந்தால், உண்மை 45-லிருந்து 75-க்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதையே வருமானம் கூடிய 20, குறைந்த 20 என்று பிரித்தீர்களானால் 25 புள்ளி வித்தியாசம்கூடத் தற்செயலாக வந்துவிடும். அவ்வளவு உழைத்து அப்படி ஒரு முடிவோடு திரும்ப வேண்டாம்.

வருமானத்தை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். யார் யார் வேலைக்குப் போகிறார்கள், எங்கே, ஆண்டில் எத்தனை மாதம் என்று கேட்டு, கூலியை அங்கேயே எழுதுங்கள். நிலம், கூரை, மாடு தனியே. ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமை வீடு), ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா, மிக ஏழை வீடு), என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத வீடு) என்று இருக்கும் குறியீட்டையும் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஏழை, பணக்காரர் என்று பிரித்துவிட வேண்டாம்.

பூட்டிய வீட்டுக்குப் பதிலாகத் திறந்திருக்கும் பக்கத்து வீட்டைச் சேர்க்காதீர்கள். உங்கள் வட்டாரத்தில் பூட்டிய வீடு பெரும்பாலும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன குடும்பத்தின் வீடாக இருக்கும். நீங்கள் அளக்க நினைக்கிற வருமானம் அங்கேதான் மாறுபடுகிறது, போனும் அவர்களோடு போயிருக்கிறது. பட்டியலில் அந்த வீட்டு எண்ணுக்கு நேராகப் பூட்டு என்று எழுதி, பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ அவர்கள் வரும்போது மறுபடியும் போய்க் கேளுங்கள்.